ஆறாவது ஆளாக யார்? – கிரிக்கெட் கேள்வி-பதில்

கே: இந்தியாவின் ‘ஆல் டைம்’ டெஸ்ட் அணிக்கு நடுவரிசையில் சச்சின், கோலி, விஸ்வநாத், ஹசாரே நால்வரையும் போட்டால் என்ன? (தென்காசி வாசகர்)

ப: நால்வருமே ‘டூ டவுன்’, அதாவது நாலாவதாக இறங்கும் ஆட்டக்காரர்கள் ஆயிற்றே! ஒரே நாற்காலிக்கு நாலு பேர், மூன்றாவதாக இறங்கும் ஒன் டவுனுக்கு ஆளில்லை. முதல் ஓவரிலேயே விக்கெட் விழுந்தால் பளபளப்பு குறையாத பந்தை எதிர்கொள்ளப் போகிறவர் அந்த ஒன் டவுன்தான். அங்கே டிராவிட்டைத் தவிர வேறு பேச்சில்லை. டெஸ்டில் அவர் சந்தித்த பந்துகள் 31,258. மூன்றாம் இடத்தில் மட்டுமே 10,000 ரன்னுக்கு மேல். அடுத்த இடமான நாலில் சச்சின்.

கோலியை ஐந்துக்கு இறக்கினால் ஒன்றும் கெட்டுவிடாது. சச்சின் ஓய்வு பெறும்வரை அவர் பெரும்பாலும் ஐந்து, ஆறில்தான் ஆடினார். 2014 இங்கிலாந்துத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொட்டுத் தொட்டு 10 இன்னிங்ஸில் 134 ரன். 2018இல் அதே நாட்டில் 593. தன் ஆட்டத்தை இந்த அளவுக்குப் பழுதுபார்த்துக்கொண்டவரை வெளியே வைக்க எனக்கு மனம் வராது.

கே: லக்ஷ்மண் 281 அடித்தது மூன்றாம் இடத்தில்தானே? அவரை ஏன் எல்லோரும் ஆறில் தள்ளுகிறீர்கள்? (ஈரோடு வாசகர்)

ப: 2001 கொல்கத்தா டெஸ்டை முழுதாகப் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் ஆறாவதாக வந்து 59 எடுத்தார். அணி 171க்குச் சுருண்டு, 274 ரன் பின்தங்கி ஃபாலோ ஆன் (உடனே மறுபடி மட்டை பிடிக்க வேண்டிய நிலை). அதன்பிறகுதான் அவர் மூன்றுக்கு ஏறினார். டிராவிட் ஆறுக்கு இறங்கி 180 எடுத்தார். இருவரும் சேர்த்தது 376. நாலாம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. ஆனால் அது அவசரத்துக்குச் செய்த மாற்றம். பிறகு மூன்றாம் இடம் டிராவிட்டிடமே திரும்பியது.

ஆறாவது ஆளின் வேலையே வேறு, கடைசி ஆட்டக்காரர்களோடு நின்று ஆட வேண்டும். லக்ஷ்மண் 225 இன்னிங்ஸில் 34 முறை நாட் அவுட். சச்சின் 329இல் 33 முறைதான். சராசரிக்கு வகுக்கும்போது நாட் அவுட் இன்னிங்ஸைக் கழித்துவிடுவார்கள். கழிக்காமல் வகுத்தால் லக்ஷ்மணின் 45.97 சராசரி 39க்கு இறங்கிவிடும். சராசரியை மட்டும் வைத்து ஆள் எடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். அதற்காக அந்த 34ஐக் குறையாக எண்ண வேண்டாம். மொஹாலி, 2010: ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 216 தேவை, ஸ்கோர் 124க்கு 8. முதுகுவலி, அவருக்காக ஓட ஒரு ரன்னர் வேறு. பந்துவீச்சாளர் இஷாந்த் சர்மாவைக் கூட வைத்துக்கொண்டு ஒன்பதாவது விக்கெட்டுக்கு 81 சேர்த்தார். ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. லக்ஷ்மண் 73 நாட் அவுட்.

கே: அப்படியென்றால் விஸ்வநாத்துக்கு இடமே கிடையாதா? (சென்னை வாசகர்)

ப: சேப்பாக்கத்துக்காரர் கேட்டால் பதில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 1975 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் இந்தியா 190. அதில் பாதிக்கு மேல் விஸ்வநாத். கூட நிற்க ஆளில்லாமல் போனதால் 97இல் நின்றார். அந்த டெஸ்டை இந்தியா 100 ரன்னில் வென்றது. நூறு ஆகாததால் சதக் கணக்குப் பார்ப்பவர்களின் பட்டியலில் இந்த ஆட்டம் வரவே வராது. ஆனாலும் நாலாம் இடத்தில் சச்சின் உட்கார்ந்திருக்கிறார். விஸ்வநாத் பதினைந்து பேர் கொண்ட அணியில் உண்டு, களமிறங்கும் பதினொன்றில் இல்லை.

ஹசாரே 1948இல் அடிலெய்டில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்கள் லிண்ட்வால், மில்லர் பந்துவீச்சில் ஒரே டெஸ்டில் 116, 145 எடுத்தவர். முதல் டெஸ்ட் ஆடும்போதே அவருக்கு வயது 31. மொத்தம் 30 டெஸ்ட்தான். அவரையும் பதினைந்தில் வைக்கலாம்.

கே: ஆறு மட்டையாளர், ஒரு கீப்பர் போக நாலு பேர்தான் மிச்சம். ஐந்தாவது பந்துவீச்சாளருக்கு எங்கே போவது? (மதுரை வாசகர்)

ப: நடுவரிசையைத் தொடாதீர்கள், தொடக்கத்தில் கை வையுங்கள். கவாஸ்கரோடு, பந்தும் வீசும் வினு மன்கட்டை இறக்கினால் கணக்குச் சரியாகிவிடும். 1952 லார்ட்ஸ் டெஸ்டில் தொடக்கத்தில் இறங்கி 72, 184 எடுத்தவர், அதே டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 73 ஓவர் வீசி 5 விக்கெட்டும் எடுத்தார். 44 டெஸ்டில் 162 விக்கெட். சேவாக் போய்விடுவாரே என்பீர்கள், போகத்தான் வேண்டும். சேவாக்கை விட முடியாது என்றால் லக்ஷ்மணை எடுத்துவிட்டு, கீப்பர் தோனியை ஆறிலும் மன்கட்டை ஏழிலும் ஆடவிடுங்கள். ஆனால் கீப்பருக்கு அருகே கேட்ச் பிடிக்க நிற்கும் ஸ்லிப்பில் டிராவிட்டுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். லக்ஷ்மண் பிடித்த கேட்ச்கள் 135.