ஆறில் ஒரு நோட்டு ஊமை: ஜூனோவை முழுசாகப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: வீட்டில் சின்னதாக ஒரு பழைய சிந்தசைசர் செட் சேர்த்து வருகிறேன். ரோலண்ட் ஜூனோ-106, யமஹா டிஎக்ஸ்7 இரண்டையும் ஒரே தரகரிடம் வாங்கினேன். இரண்டுமே ‘சர்வீஸ் செய்தது’ என்றார். ஜூனோவில் வாசிக்கும்போது ஆறு நோட்டுக்கு ஒருமுறை சத்தம் வருவதில்லை, சில நாள் கரகரவென்கிறது. அதன் பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. டிஎக்ஸ்7-இன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒலிகளும் அதோடு போய்விடும் என்கிறார். இரண்டையும் பிரித்து எல்லா கெப்பாசிட்டரையும் மாற்ற வேண்டுமாம், இல்லாவிட்டால் தீப்பிடிக்குமாம். அவரிடம் ஒரு கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசரும் இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டால் ‘மொத்தமாக’ முடித்துத் தருகிறேன் என்கிறார். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. என்ன செய்யட்டும்?

பதில்: இப்போதைக்கு யாருக்கும் எந்தப் பணமும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சின்னச் சின்ன வேலைகள். அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டுவது தரகருக்குத்தான் வசதி.

முதலில் அந்த 100 வோல்ட். அது ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்த கருவி. சுவரில் 220-240 வோல்ட் வரும் இடத்தில் அதை நேராகச் சொருகினால் பியூஸ் போகும், கூடவே டிரான்ஸ்பார்மரும் போகலாம். 120 வோல்ட் இடத்தில் உடனே எதுவும் ஆகாது, ஆனால் சூடாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் நல்லதல்ல. உங்களுடையது ஓடுகிறது என்றால், யாரோ உள்ளே டிரான்ஸ்பார்மரை மாற்றியிருக்க வேண்டும், அல்லது வெளியே ஒரு ஸ்டெப் டவுன், அதாவது வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி, வைத்திருக்க வேண்டும். எது என்று தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘சர்வீஸ்’ செய்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரியாது என்றால் அவர் மூடியைத் திறந்ததே இல்லை. ஸ்டெப் டவுன் வாங்குவதானால் பின்பக்கத் தகட்டில் உள்ள வாட் அளவைப் போல் இருமடங்கு தாங்கக்கூடியதாக, உண்மையான டிரான்ஸ்பார்மர் உள்ள கனமான பெட்டியாக வாங்குங்கள். பயணிகளுக்கென்று விற்கும் கைக்கடக்கமான ‘கன்வெர்ட்டர்’ முடி உலர்த்திக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் செய்தது. அதைச் சிந்தசைசரில் மாட்டக் கூடாது.

இனி ஊமை நோட்டு. ஜூனோ-106-இல் மொத்தம் 6 வாய்ஸ்கள்தான். வாய்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒரு நோட்டை ஒலிக்கும் பகுதி. நீங்கள் ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அந்த நோட்டை அடுத்த வாய்ஸிடம் கொடுக்கிறது. ஆறும் முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு வாய்ஸ் செத்துப்போனால் ஆறில் ஒரு முறை ஊமையாகும், அதுவும் ஒரே கட்டையில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். எப்போதும் அதே கட்டைதான் பேசவில்லை என்றால் அது கட்டைக்கு அடியில் உள்ள தொடுப்பில் அழுக்கு, வேறு கதை. உங்களுடையது ஊர்கிற வகை. இதை நீங்களே உறுதி செய்யலாம், ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். கருவியை அணைத்துவிட்டு, கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஆன் செய்யுங்கள். அது சோதனை நிலைக்குப் போகும். இப்போது ஒவ்வொரு கட்டையாக அழுத்தினால் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். ஊமையாகும்போது தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தால் எந்த டெக்னீஷியனின் குரலும் கொஞ்சம் மாறும்.

குற்றவாளி பெரும்பாலும் 80017ஏ என்ற சிப். ஒரு வாய்ஸுக்கு ஒன்று, ஆக மொத்தம் ஆறு. ஒலியின் பில்ட்டரும் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அதற்குள்தான் இருக்கின்றன. 1984-இல் வந்த இந்தக் கருவியில் அந்தச் சிப்பைக் கருப்பு எபாக்ஸி பிசினில் முக்கி மூடிவிட்டார்கள். வருடங்கள் போகப்போக அந்தப் பிசின் வழியாகவே மின்சாரம் லேசாகக் கசிய ஆரம்பிக்கிறது. கரகரப்பு, தானாக எழும் சத்தம், கடைசியில் மௌனம் எல்லாம் அதனால்தான். இதற்கு முந்தைய ஜூனோ-60-இல் இந்தச் சிப் கிடையாது, இந்த நோயும் கிடையாது. இதே பழைய ஒலியைச் சாப்ட்வேராகவும் குட்டிப் பெட்டியாகவும் திரும்பத் திரும்ப விற்கிற காலம் இது. பழைய பெட்டிக்கு ஒரு சிப் கேட்டால் மட்டும் ‘உற்பத்தி நின்றுவிட்டது’ என்கிறார்கள். அதனால் வெளியாட்கள் செய்யும் மாற்றுச் சிப்களை நம்பித்தான் இன்று உலகெங்கும் இந்தக் கருவி ஓடுகிறது. அவை நன்றாகவே வேலை செய்கின்றன. இன்னொரு வழி, பழைய சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை உரிப்பது. பலவற்றுக்கு உயிர் திரும்பும். ஆனால் இது பொறுமைசாலி டெக்னீஷியனின் வேலை, உங்களுடையதல்ல.

ஒரு சிப் போதுமா, ஆறையும் மாற்றலாமா? ஒன்று போதும். அதைச் சாக்கெட்டில் பொருத்தச் சொல்லுங்கள், அடுத்தது போகும்போது ஈயத்தைத் தொட வேண்டியதில்லை. மாற்றிய பிறகு ஆறு வாய்ஸ்களும் ஒன்றுபோல் ஒலிக்கும்படி திருத்தி அமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் தருபவர்கள்தான் அதிகம்; அப்புறம் ஒரு நோட்டு மட்டும் பளிச்சென்று, அடுத்தது மந்தமாக ஒலிக்கும், நீங்கள் உங்கள் காதைச் சந்தேகிப்பீர்கள்.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு சிப் கெட்டது என்று உள்ளே போன கருவி, ஆறு மாற்றுச் சிப்களுடன் திரும்பி வரும்; நல்ல நிலையில் இருந்த ஐந்து அசல் சிப்களும் தனியாக நல்ல விலைக்குப் போயிருக்கும். திறந்தவுடன் ஒரு படம், மூடுவதற்கு முன் ஒரு படம் கேளுங்கள். நேர்மையான டெக்னீஷியன் இதற்குக் கோபப்பட மாட்டார். அவரே எடுத்து வைத்திருப்பார்.

டிஎக்ஸ்7 விஷயம் இன்னும் எளிது. உள்ளே 32 ஒலிகள் சேமிப்பில் இருக்கின்றன. அவற்றைக் காப்பது சிஆர்2032 வகை 3 வோல்ட் நாணய பேட்டரி ஒன்று. பேட்டரி போனால் கருவி சாகாது. ஒலிகள் குழம்பும், பெயர்கள் கண்டபடி எழுத்துகளாகும், வாசித்தால் விசித்திரமாகக் கத்தும். அந்த நிலையில் ‘பழுது’ என்று அடிமாட்டு விலைக்கு வாங்கி, பேட்டரி மாற்றி, ‘முழு சர்வீஸ்’ என்று விற்பதே ஒரு தொழிலாக நடக்கிறது. பங்க்ஷன் பட்டனை அழுத்திவிட்டு 14-ஐ அழுத்துங்கள், பேட்டரியின் வோல்ட் திரையில் வரும். 3-ஐ ஒட்டி இருந்தால் தரகர் சொன்ன ‘சீக்கிரம்’ பொய். 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம்.

மாற்றுவதற்கு முன் ஒலிகளைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைக்க வேண்டும். கருவிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே நோட்டு, ஒலித் தகவல்களைக் கடத்தும் மிடி கேபிளில் இணைத்து, பங்க்ஷன் 8-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சிஸ்டம் தகவல் பற்றிய வரி வரும். அதை அனுமதித்துவிட்டு அடுத்த வரியில் அனுப்பவா என்று கேட்கும்போது ‘யெஸ்’ கொடுங்கள். கம்ப்யூட்டரில் சிஸ்எக்ஸ் (மிடியில் ஒலிகளை மொத்தமாக அனுப்பும் தகவல்) பதிவு செய்யும் இலவசச் சாப்ட்வேர் ஏதாவது ஒன்று திறந்திருக்கட்டும். வந்த கோப்பின் அளவைப் பாருங்கள்: சரியாக 4104 பைட் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அந்தச் சேமிப்பு குப்பை. இதற்குக் காரணம் அநேகமாக மலிவான, பெயரில்லாத யூஎஸ்பி மிடி ஒயர்தான். அவை நோட்டுகளை ஒழுங்காக அனுப்பும், நீளமான தகவலை நடுவில் விழுங்கிவிடும். மிடியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் நல்ல இன்டர்பேஸ் ஒன்றை யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்குங்கள்.

பழைய பேட்டரி போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. புதியதையும் அப்படியே பற்றவைக்க வேண்டாம், நாணய பேட்டரியின் மேல் நேரடியாகச் சூடு காட்டினால் வெடிக்கும். ஒரு பேட்டரி ஹோல்டரைப் பற்றவைக்கச் சொல்லுங்கள், அடுத்த முறை விரலாலேயே மாற்றலாம். ஜூனோவின் சேமிப்புக்கும் உள்ளே ஒரு பேட்டரி உண்டு. சிப் மாற்றத் திறக்கும்போதே அதையும் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அதன் ஒலிகளை எடுக்க, பின்பக்க மிடி சுவிட்ச் 3-ஆம் நிலையில் இருக்க வேண்டும்.

கெப்பாசிட்டர் மிரட்டலுக்கு வருகிறேன். கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகம். எலெக்ட்ரோலைட்டிக் வகைக் கெப்பாசிட்டருக்குள் திரவம் உண்டு, அது வருடக்கணக்கில் காயும், உண்மைதான். காய்ந்தால் என்ன ஆகும்? ஸ்பீக்கரில் கனமான ‘ம்ம்ம்’ என்ற ஓசை, திரை மினுக்குவது, கருவி தானாக அணைந்து எழுவது. இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. பவர் சப்ளையில் அளந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அளக்காமலே எல்லாவற்றையும் மாற்று என்பவர், இருமலுக்கு வந்தவரை நேரே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும் ஆள். நாற்பது வயதான போர்டில் ஒவ்வொரு முறை ஈயத்தை உருக்கும்போதும் செம்புத் தடம் உரிந்து வரும் ஆபத்து இருக்கிறது. நூறு இடத்தில் உருக்கினால் முன்பு இல்லாத கோளாறு நாலாவது வரும், அதற்கும் ஒரு பில் வரும். தீயைப் பற்றி உண்மையிலேயே கவலை என்றால் மின் ஒயரின் மேலுறை வெடித்திருக்கிறதா, பியூஸ் அச்சிட்ட அளவிலேயே இருக்கிறதா, பியூஸில் யாராவது உலோகத் தாளைச் சுற்றியிருக்கிறார்களா என்று டெக்னீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் வருகிறது என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டச் சொல்லும் ஆளிடம் மட்டும் போகாதீர்கள்.

ஆக, ஓடுகிற பழைய கருவியைத் திறக்காதே என்பதுதான் என் பொது விதி. பாலிசிக்ஸ் அதற்கு விலக்கு, நன்றாக ஓடினாலும் விலக்கு. 1981-இல் வந்த அதில் சேமிப்பைக் காப்பது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஆகும் நிக்கல்-காட்மியம் பேட்டரி. அது இருப்பது கேஎல்எம்-367 என்ற போர்டின் மேலேயே, கருவியின் மூளை இருக்கும் அதே போர்டு. பேட்டரி வயதானால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். அது சொட்டிவிட்டு நிற்பதில்லை. செம்புத் தடத்தின் மேல் ஊர்ந்து, பச்சை மாவு போல் பூத்து, துளைகள் வழியாக அடுத்த பக்கம் போய், தடத்தையே தின்றுவிடும். ஆரம்பத்தில் ஒரு பட்டன் வேலை செய்யாது, சேமித்த ஒலி தங்காது. அதற்குள் பாதி போர்டு போயிருக்கும். அதே கம்பெனியின் பாலி-61, ட்ரைடென்ட் ஆகியவற்றிலும் இதே கதை.

எனவே தரகர் அதை வாசித்துக் காட்டுவதில் அர்த்தமே இல்லை. போர்டில் பேட்டரியைச் சுற்றிய பகுதியை, பேட்டரியை எடுத்த பிறகு, கிட்டத்திலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. ‘சீல் உடையும், வாரண்டி போய்விடும்’ என்பார். நாற்பது வருடத்துக்கு முந்தைய வாரண்டியை யார் கொண்டாடப் போகிறார்கள்? ‘பேட்டரி ஏற்கெனவே மாற்றியாயிற்று’ என்றால் எதைப் போட்டார்கள் என்று கேளுங்கள். லித்தியம் நாணய பேட்டரி போட்டிருந்தால் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் டயோடும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். பாலிசிக்ஸின் சர்க்யூட் பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்பிக்கொண்டே இருக்கும், லித்தியம் நாணயம் அதைத் தாங்காது, வீங்கி வெடிக்கலாம். டயோடு பற்றித் தெரியாத ஆள் மாற்றிய பேட்டரி, கசிந்த பேட்டரியைவிட மோசம். கசிவு லேசாக இருந்தால் நீர்த்த வினிகரால் நடுநிலையாக்கிக் கழுவி, அறுந்த தடங்களுக்கு ஒயர் போட்டுச் சரி செய்யலாம். அதிகமென்றால் அந்தப் போர்டுக்குப் பதிலாக வெளியாட்கள் செய்யும் புதிய போர்டு கிடைக்கிறது, அதில் மிடியும் சேர்ந்தே வருகிறது. அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். படம் வராவிட்டால் வாங்காதீர்கள்.

மற்ற பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. தூசி படாமல் துணி போட்டு மூடுங்கள். ஸ்லைடர் கரகரத்தால் டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். ஸ்லைடருக்கென்றே விற்கும் கிளீனரை அளவாகப் போடச் சொல்லுங்கள்.

மிடி வருவதற்கு முந்திய பாலிசிக்ஸை, அந்தப் புதிய போர்டு இல்லாமல், மற்ற இரண்டோடும் மிடியில் இணைக்க முடியாது. இருக்கிற இரண்டையும் இப்போதே இணைத்துக்கொள்ளலாம். டிஎக்ஸ்7-ஐத் தாய்க் கீபோர்டாக வைத்து அதன் மிடி அவுட்டிலிருந்து ஜூனோவின் மிடி இன்னுக்கு ஒரு ஒயர். டிஎக்ஸ்7 முதல் சேனலில் மட்டுமே அனுப்பும், மாற்ற வழியில்லை. ஜூனோவை 1-ஆம் சேனலுக்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஜூனோ ஒரே அளவில்தான் ஒலிக்கும். அது கோளாறு அல்ல, அந்தக் கருவி விரலின் வேகத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அதைச் சரி செய்து தருகிறேன் என்று தரகர் சொன்னால் அதற்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.