எடுபடுவாரா?

கேள்வி: 2004-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் ஹோவர்ட் டீனைக் கவிழ்த்தது ஊடகங்கள்தானே? ஆனாலும், புஷ்ஷுக்கு எதிராக டீன் எடுபட மாட்டார், ஜான் கெர்ரிதான் எடுபடுவார் என்று அன்று பேசியதில் நியாயம் இருந்ததா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ‘எடுபடும்’ என்ற சொல்லோடு எனக்கு முப்பது வருஷப் பகை. நான் முதலில் வேலை பார்த்த பத்திரிகையில் ஒரு பொறுப்பாசிரியர் இருந்தார். எந்தக் கட்டுரையைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் பத்தியைப் படித்துவிட்டு, “நல்லா இருக்கு தம்பி, ஆனா வாசகர்கிட்ட எடுபடாது” என்பார். உங்களுக்குப் பிடித்திருக்கிறதா சார் என்று கேட்டால், “எனக்குப் பிடிச்சிருக்கு, அது வேற” என்பார். நெல் கொள்முதலைப் பற்றி மூன்று வாரம் ஊர் ஊராக அலைந்து எழுதியது அப்படித்தான் இழுப்பறைக்குள் போனது. எந்த வாசகர் வந்து இது வேண்டாம் என்று சொன்னார்? ஒருவரும் இல்லை. அந்தச் சொல்லையே பாருங்கள், எடுக்கிறவர் யார் என்பது அதில் இருக்காது. “எனக்குப் பிடிக்கவில்லை” என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். “எடுபடாது” என்றால் பழி ஊரில் உள்ள நாலு பேர் தலையில் போய் விழும். அந்த நாலு பேரை யாரும் பார்த்ததில்லை.

சரி, டீனுக்கு வருவோம். எல்லோரும் அந்தக் கூச்சலைத்தான் சொல்வார்கள். 2004 ஜனவரி 19 இரவு, அயோவா. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் அப்போது முதலில் ஓட்டுப் போட்ட மாநிலம் அது. கெர்ரிக்கு 38 சதவீதம், இன்னொரு போட்டியாளர் எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு 18. துவண்டு கிடந்த தன் ஆட்களைத் தட்டி எழுப்ப டீன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு கரோலினா, ஓக்லஹோமா, அரிசோனா என்று அடுத்தடுத்த மாநிலங்களை அடுக்கி, கடைசியில் தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டார். மண்டபத்தில் இருந்த பலருக்கு அது காதில் விழவே இல்லை, அவ்வளவு இரைச்சல். ஆனால் அவர் கையில் இருந்த மைக் வாய்க்கு நேரே வருவதை மட்டும் வாங்கிக்கொண்டு சுற்றுச் சத்தத்தை விட்டுவிடுகிற வகை. டிவிக்குப் போனது அந்த மைக்கின் ஒலி. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, அமைதியான அறையில் ஒரு மனிதர் காரணமே இல்லாமல் கத்துவதுபோல் கேட்டது. நான்கு நாளில் 633 முறை அதைப் போட்டார்கள். கூட்டத்துக்கு நடுவே பதிவான ஒலியை ஏபிசியின் டயான் சாயர் பிறகு போட்டுக் காட்டினார். அதில் ஜனங்களின் ஆரவாரம்தான் கேட்டது.

அநியாயம்தான். ஆனால் கத்துவதற்கு முன்பே அவர் தோற்றிருந்தார், அதை மறைத்துப் பேசக் கூடாது. இராக் போரை எதிர்த்தவர், சிறு சிறு நன்கொடையாகவே 2003-இல் நாற்பது மில்லியன் டாலர் திரட்டியவர். அந்த ஆகஸ்டில் டைம், நியூஸ்வீக் இரண்டும் ஒரே வாரத்தில் அவர் படத்தை அட்டையில் போட்டன. அப்புறம் அதே பத்திரிகைகளிலும் டிவியிலும் “இவர் புஷ்ஷைத் தோற்கடிப்பாரா” என்ற கேள்வி விடாமல் ஓடியது. அயோவாக்காரர்கள் தங்களுக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, பொதுத்தேர்தலில் இழுபறியாக இருந்த ஓஹியோ மாநிலக்காரருக்குப் பிடிக்கக்கூடியவரைத் தேடினார்கள். ‘டீனோடு பழகினேன், கெர்ரியைக் கட்டிக்கொண்டேன்’ என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. இதில் வேடிக்கை, கெர்ரியையும் இதே ஊடகங்கள் டிசம்பரில் தலைமுழுகியிருந்தன. செலவுக்குப் பணமில்லாமல் அவர் பாஸ்டன் வீட்டை அடமானம் வைத்தார். அயோவா முடிந்த மறுநாள் காலையில் அவர் ‘எடுபடும்’ வேட்பாளர் ஆகிவிட்டார்!

இது பழைய வியாதி. 1972-இல் இதே கட்சியின் வேட்பாளர் தேர்வில், நியூ ஹாம்ப்ஷயரில் எட்மண்ட் மஸ்கி 46 சதவீதம் வாங்கினார், மெக்கவர்ன் 37. ஜெயித்தவர் மஸ்கி. ஆனால் ‘எதிர்பார்த்த அளவுக்கு இல்லை’ என்று எழுதி அவரைத் தோற்றவராக்கினார்கள். எதிர்பார்த்தது யார்? எழுதியவர்களே. 1976-இல் ஜிம்மி கார்ட்டர் அயோவாவை வென்றார் என்று இன்றைக்கும் சொல்கிறோம். அங்கே அதிகம் வாங்கியது ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்ற கணக்கு, 37 சதவீதம். கார்ட்டருக்கு 28-க்குக் கொஞ்சம் குறைவு.

கெர்ரி எடுபட்டாரா என்கிறீர்கள். அவர் எடுபடுவார் என்றதற்கு முதல் காரணமே வியட்நாமில் வாங்கிய பதக்கங்கள்தான். 2004 ஆகஸ்டில் வந்த எதிர் விளம்பரங்கள் குறிபார்த்து அடித்தது அந்தப் பதக்கங்களையே. நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில், மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் வாக்கில் புஷ்ஷுக்கு 286, கெர்ரிக்கு 251. டீன் நின்றிருந்தாலும் தோற்றிருக்கலாம். ஆனால் தோற்றாலும் அந்தக் கட்சிக்காரர்கள் தாங்கள் நம்பியதைச் சொல்லித் தோற்றிருப்பார்கள். 2002-இல் இராக் போருக்கு அதிகாரம் கொடுத்து ஓட்டுப் போட்ட கெர்ரியை வைத்துக்கொண்டு போரைப் பற்றிப் பேச முடியாமல் தடுமாறியிருக்க மாட்டார்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

நான்கு வருஷம் கழித்து ஒபாமா வந்தபோது கறுப்பின மக்களிலேயே பலர், “நல்ல பையன், ஆனா வெள்ளைக்காரங்க ஓட்டுப் போட மாட்டாங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008 ஜனவரி 3 அன்று, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையராக இருந்த அயோவா அவரை முதலிடத்தில் வைத்தது. அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஹிலாரிக்கு மூன்றாமிடம். இருபத்து மூன்று நாள் கழித்துத் தெற்கு கரோலினாவில் ஒபாமாவுக்கு 55 சதவீதம் விழுந்தது. “போட மாட்டாங்க” என்று சொன்னவர்களும் அன்று வரிசையில் நின்றார்கள்.