லேபர் வார்டில் முதல் மாதம்: எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) இரண்டாம் வருடம் படிக்கிறார். அடுத்த வாரம் முதல்முறையாக லேபர் வார்டு போஸ்டிங். "சீனியர் அக்காமார் 'போன உடனே டெலிவரி கேஸைப் பிடிச்சிரு, இல்லேன்னா கேஸ் புக் நிரம்பாது' என்கிறார்கள். அவர்களே 'முதல் பத்து நாள் டிரே கழுவத்தான் விடுவாங்க' என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் முதல் மாதத்தில் நான் எதைத்தான் கற்றுக்கொள்வது? இன்னொரு பயமும் இருக்கிறது. அப்பாவுக்குக் காலில் திருக்கை முள் குத்தி ரத்தம் வந்தபோதே எனக்குத் தலை சுற்றிவிட்டது. வார்டில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது?"

பார்த்த பிரசவங்களைக் கணக்கு எழுதிவைக்கும் கேஸ் புக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லேபர் வார்டிலும் அப்புறம் நர்சிங் பள்ளியிலுமாக முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். கேஸ் புக் நிரம்பாததால் பரீட்சை எழுத முடியாமல் போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் பிரசவம் எடுத்த கணக்கு முழுதாக இருந்தும், வயிற்றில் கையை வைத்துத் தலை எங்கே என்று சொல்லத் தெரியாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குழந்தையைக் கையில் வாங்குவது கடைசிச் சில நிமிட வேலை. தலைச்சன் பிரசவமாக இருந்தால், வலி வலுத்த பிறகே 12 மணி நேரம் வரை ஆகலாம். படிப்பெல்லாம் அந்த மணி நேரங்களில்தான் கிடக்கிறது. அதனால் முதல் மாதத்துக்கு ஒரே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டூட்டிக்கு ஒரு அம்மா. அவர் வந்து படுத்ததிலிருந்து உங்கள் டூட்டி முடியும் வரை அவர் பக்கத்திலேயே இருங்கள். நான்கு கட்டிலை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

பக்கத்தில் போனதும் முதலில் உங்களை யாரென்று சொல்லுங்கள். "அக்கா, நான் படிக்கிற பிள்ளை. உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமா?" அவ்வளவுதான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பெண்ணாக இருந்தால் அக்காவுக்கு அங்கே சொல்கிற "லாத்தா" என்று கூப்பிட்டுப் பாருங்கள், பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும். திரையை இழுத்துவிட்டு, வயிற்றுப் பகுதியை மட்டும் விலக்கி, மற்றதை மூடுங்கள். இங்கே பலருக்கும் வீட்டுக்காரர் கடலிலோ வெளிநாட்டிலோ இருப்பார், கூட வந்திருப்பது மாமியாராக இருக்கும். மாமியாரிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் தொடுவதற்கான சம்மதத்தை அந்தப் பெண்ணிடம்தான் வாங்க வேண்டும். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இடுப்பைத் தடவிவிட்டு உட்கார்ந்திருங்கள். அரை மணி நேரத்தில் அவரே கையைப் பிடித்துக்கொள்வார்.

அப்புறம் தேதி. கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டால் பாதிப் பேர் காலண்டர் தேதி சொல்ல மாட்டார்கள். நம் கரையில் அதற்கு ஒரு வழி உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். "போட்டைக் கட்டுறதுக்கு முன்னாடியா, கட்டின பிறகா?" என்று கேளுங்கள். "கட்டி மூணாம் நாள்" என்று பதில் வந்தால் ஏப்ரல் 17. அதோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் ஜனவரி 24. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு சரிவரும், ஸ்கேன் தேதியோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அமாவாசையை வைத்துக் கேட்டாலும் பதில் வரும். கடலுக்குப் போகிற வீட்டில் அமாவாசை யாருக்கும் மறக்காது.

இப்போது கைக்கு வருவோம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், நிறைந்த பை உங்களை ஏமாற்றும். முழங்காலை லேசாக மடக்கச் சொல்லுங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அவருடைய வலது பக்கம் நின்று, வயிற்றை அல்ல, முகத்தைப் பார்த்தபடி தொடுங்கள். முதலில் கருப்பையின் உச்சி: அகலமாக, மெத்தென்று இருந்தால் குழந்தையின் புட்டம். கெட்டியாக, உருண்டையாக, தட்டினால் நழுவினால் தலை. அடுத்து இரண்டு பக்கமும்: ஒரு பக்கம் பலகை போல வழவழவென்று இருக்கும், அது முதுகு. மறுபக்கம் சின்னச் சின்ன முண்டு முண்டாக இருந்தால் கை, கால். கடைசியாக அடிவயிறு: தலை இறங்கியிருக்கிறதா, இன்னும் ஆடுகிறதா என்று. நீங்கள் நினைத்ததை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டு, பிறகு சிஸ்டர் பார்த்துச் சொல்வதோடு ஒப்பிடுங்கள். முதல் பத்துத் தடவை தப்பாகத்தான் வரும். வலி வந்திருக்கும்போது இப்படி அழுத்திப் பார்க்காதீர்கள். இடைவெளியில் பாருங்கள். மல்லாக்க நெடுநேரம் படுக்க வைக்கவும் வேண்டாம். பார்த்து முடித்ததும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும்.

வலியை எண்ணுவதுதான் எனக்குப் பிடித்த பாடம். வினாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டாமல் சீருடையில் குத்திக்கொண்டால் கை கழுவ வசதி. ஒரு கையை உச்சியின் மேல் விரல் விரித்து, எடையே இல்லாமல் வையுங்கள். வைத்தால் 10 நிமிடத்துக்கு எடுக்காதீர்கள். கருப்பை கெட்டிப்படுவது உங்கள் கைக்கு முதலில் தெரியும். அந்த அம்மா முகத்தைச் சுளிப்பது அதற்குச் சில வினாடி கழித்துத்தான். எவ்வளவு கெட்டி என்று அளக்க உங்கள் முகமே போதும். மூக்கு நுனி போல அமுங்கினால் லேசான வலி, தாடையைப் போல இருந்தால் நடுத்தரம், நெற்றியைப் போல அமுங்காமல் நின்றால் நல்ல வலி. 10 நிமிடத்தில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி என்று எழுதுங்கள். வலி வலுத்த கட்டத்தில் எண்ணிக்கை இரண்டு அல்லது அதற்கும் கீழே இருந்தாலோ, ஐந்தைத் தாண்டினாலோ, ஒரு வலி 60 வினாடிக்கு மேல் நீண்டாலோ சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டார் "சூட்டு வலிதான்" என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பார்கள். சிரிக்காதீர்கள், பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். சூட்டு வலி கூடிக்கொண்டே போகாது, கொஞ்சம் நடந்தாலோ ஓய்வெடுத்தாலோ தணிந்துவிடும், கருப்பை வாயும் திறக்காது.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறேன். பிரசவம் எப்படி நகர்கிறது என்று குறிக்கும் பழைய தாளான பார்ட்டோகிராஃபில், கருப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் குறிக்கத் தொடங்குவோம். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த லேபர் கேர் கைடு என்ற புதிய தாளில் அது 5 செ.மீ. உங்கள் புத்தகம் ஒன்றும் வார்டுத் தாள் இன்னொன்றும் சொன்னால் பதற வேண்டாம். அந்த வார்டில் எந்தத் தாளோ, அதன்படி எழுதுங்கள்.

குழந்தையின் இதயத் துடிப்பில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். நான் மாணவியாக இருந்தபோது, வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் ஃபீட்டோஸ்கோப்பை வைத்து முழு நிமிடம் எண்ணி, 96 என்று பெருமையாக எழுதினேன். 110-க்குக் கீழே போனால் ஆபத்து என்று படித்தது நினைவுக்கு வர, கை நடுங்கிக்கொண்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவர் வந்து, "காதை வைச்சுக்கிட்டே அந்தப் பொண்ணோட நாடியைப் பிடி" என்றார். இரண்டும் ஒன்றாகவே அடித்தன. அவ்வளவு நேரமும் நான் கேட்டது தாயின் ரத்த ஓட்டச் சத்தம். ஃபீட்டோஸ்கோப்பைக் குழந்தையின் முதுகுப் பக்கம் நகர்த்தினார். தூரத்தில் போகும் வள்ளத்தின் எஞ்சின் மாதிரி தடதடவென்று 140. இதற்கு நேர்மாறான தப்புதான் பயங்கரமானது. குழந்தையின் துடிப்பு இறங்கியிருக்கும்போது, தாயின் வேகமான துடிப்பைக் கேட்டு "நல்லா இருக்கு" என்று எழுதிவிடுவது. அதனால் காதை வைக்கும்போதெல்லாம் மறு கை நாடியில் இருக்கட்டும். 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். வலி வலுத்த கட்டத்தில் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, முக்கத் தொடங்கிய பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, வலி அடங்கும் நேரத்தில் ஒரு முழு நிமிடம்.

பி.வி. பரிசோதனைக்கு, அதாவது உள்ளே விரல் விட்டுக் கருப்பை வாயைப் பார்ப்பதற்கு, முதல் மாதம் கையை நீட்டாதீர்கள். எல்லாம் சரியாகப் போனால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். ஒரே அம்மாவுக்கு ஐந்து மாணவிகள் அடுத்தடுத்துப் பார்ப்பது கிருமியைக் கொண்டுபோய் உள்ளே வைப்பதுதான். குழந்தை வரட்டும் என்று வயிற்றை மேலிருந்து அமுக்கச் சொல்லி யாராவது உங்களைக் கூப்பிடலாம். அமுக்காதீர்கள். "எனக்குப் பழக்கமில்லை சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் தலைமாட்டில் நில்லுங்கள், சந்தேகத்தை டூட்டி முடிந்தபின் டியூட்டரிடம் கேளுங்கள். நோயாளி முன்னால் வாக்குவாதம் வேண்டாம்.

சரி, டிரே கழுவுவது. அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு கருவியையும் கழுவும்போது பெயரைச் சொல்லிக்கொண்டே அடுக்கினால், அவசரத்தில் ரத்தக்குழாய் பிடிக்கும் இடுக்கியைக் கேட்டு "ஆர்ட்டரி கொடு" என்றதும் கை தானாகப் போகும். இன்னொரு காரியமும் செய்யுங்கள். வார்டின் கிட்னி டிரேயில் தண்ணீர் ஊற்றி, எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளந்துவையுங்கள். பழைய துணி ஒன்றின் மேல் சிவப்புச் சாயம் கலந்த 500 மில்லி தண்ணீரை ஊற்றி, எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் 500 மில்லியைத் தொட்டால் அது ரத்தப்போக்கு. கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள்.

கை கழுவுவதில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, நுரை வரவில்லை என்று பிள்ளைகள் சும்மா நனைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நுரையைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள்: 40 முதல் 60 வினாடி, கட்டைவிரலும் நக இடுக்கும் விடாமல். நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் கழுவுங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை. இன்னும் போடவில்லையென்றால் போஸ்டிங்குக்கு முன்னால் முதல் தவணையையாவது போட்டுக்கொள்ளுங்கள். ஊசி குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. திட்டு விழும் என்று மறைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிரசவம் முடிந்ததும் எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்பார்கள். நீங்கள் நஞ்சுக்கொடியைக் கேளுங்கள், யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். கையுறையோடு டிரேயில் விரித்து, தாய்ப்பக்கத்து மடல்கள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா, எங்காவது பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். 15 முதல் 20 மடல் வரை இருக்கும். சவ்வு முழுதாக வந்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். கொடியின் வெட்டுமுனையைத் துடைத்தால் மூன்று துளை தெரியும்: சின்னதாக இரண்டு தமனி, பெரிதாக ஒரு சிரை. ஒரு துண்டு உள்ளே தங்கினால் அந்த அம்மாவுக்கு இரவு முழுவதும் ரத்தம் போகும். அதை முதலில் கண்டுபிடிக்கிற ஆள் நீங்களாகவே இருக்கலாம். இருபது நஞ்சுக்கொடி பார்த்த பிறகு, பிரசவம் எடுக்கச் சிஸ்டரே உங்களைக் கூப்பிடுவார்.

எதைப் பார்த்தாலும் மணியோடு எழுதுங்கள். பனிக்குடம் உடைந்தால் மணி, தண்ணீரின் நிறம், தெளிவா பச்சையா என்று. எல்லாவற்றுக்கும் வார்டுச் சுவர்க் கடிகாரம் ஒன்றே கணக்கு. தீவில் இருக்கிற உங்களுக்கு இது இன்னும் முக்கியம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல், நடுவே பாலம். 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை ரயிலை விட்டால் படகுதான். இப்போது 108 வந்துவிடுகிறது, ராமநாதபுரத்தில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனாலும் அனுப்புவதா வேண்டாமா என்று டாக்டர் முடிவெடுப்பது, கடந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் எழுதிய வரிகளைப் பார்த்துத்தான்.

மயக்கத்துக்கு வருகிறேன். ரத்தத்தைவிட வெறும் வயிறும் வார்டுப் புழுக்கமும்தான் பெரும்பாலும் காரணம். டூட்டிக்கு முன் இட்லியோ பழைய சோறோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் குடியுங்கள். முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்காமல், அடிக்கடி காலை மாற்றி நில்லுங்கள். காது அடைத்து, வாயில் எச்சில் ஊறி, வியர்த்தால் அடுத்தது மயக்கம்தான். அப்போது வீராப்பு வேண்டாம். "சிஸ்டர், தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு, டிரே பக்கம் சாயாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலுக்கு இடையில் கவிழ்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் சரியாகும். நான் இரண்டாம் நாளே அப்படி உட்கார்ந்தவள்தான். சிஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, "குடிச்சிட்டு எழுந்து வா, அந்த அம்மாவுக்கு நாடி பார்க்கணும்" என்றார்.