சர்ச் கல்லறைத் தோட்டத்துல ஜியோகேச் தேடப் போலாமா?

தம்பி, இங்கிலாந்து வந்து மூணு மாசம்தான் ஆகுது, பையன் போன்ல ஜியோகேச்சிங் (யாரோ ஒளிச்சு வெச்ச சின்ன டப்பாவை போன் காட்டற இடத்தை வெச்சுத் தேடிக் கண்டுபிடிக்கற விளையாட்டு) ஆப்பைப் போட்டுட்டு தெருமுனை சர்ச்சைக் காட்டி வாப்பாங்கறான், உள்ள பூரா கல்லறை, ஊர்லேர்ந்து அம்மா வேற இடுகாட்டுக்கெல்லாம் புள்ளையக் கூட்டிட்டுப் போகாதேங்கறாங்க, என்ன பண்ணன்னு கேட்டிருக்கீங்க. தாராளமா போங்க. இங்க பழைய கிராமத்து சர்ச்சுன்னா சுத்திலும் கல்லறைதான், பல இடத்துல அதுக்கு நடுவுலயே பொதுப்பாதை போகும், நாயப் புடிச்சுகிட்டு, புள்ளைய வண்டில வெச்சுத் தள்ளிகிட்டு ஆளுங்க நடந்துட்டே இருப்பாங்க. நம்ம ஊர் மாதிரி ஒதுக்குப்புறமா இருக்காது. வந்ததும் அம்மா குளிக்கச் சொன்னா குளிச்சிடுங்க, பாத்ரூம்ல சுடுதண்ணி வருது, எதுக்கு வாக்குவாதம்.

ஆனா ஒண்ணு, டப்பா அனேகமா கல்லறை பக்கத்துல இருக்காது. இங்க சர்ச்சை ஒட்டி ஒளிச்சு வெக்கற சின்ன டப்பாக்களுக்கு 'சர்ச் மைக்ரோ'ன்னு ஒரு வரிசை, நாடு பூரா ஆயிரக்கணக்குல இருக்கு. அதுல நிறைய பேர் என்ன பண்ணுவாங்கன்னா, இன்ன கல்லுல இறந்த வருஷம் என்ன, கடைசி ரெண்டு நம்பரை எடுத்துக்கோ, நோட்டீஸ் போர்டுல ஒரு நம்பரை எடுத்துக்கோன்னு குறிப்பு குடுப்பாங்க, அதையெல்லாம் கோஆர்டினேட்ல, அதாவது இடத்தைக் காட்டற எண்கள்ல போட்டா டப்பா வெளிய ஏதாவது வேலி ஓரத்துல இருக்கும். உள்ள வேலை படிக்கறது மட்டும்தான். நேரா சர்ச்சையே காட்டினாலும் அம்புக்குறியை அப்படியே நம்பிடாதீங்க, மரத்தடியில போன் அஞ்சு பத்து மீட்டர் தள்ளித்தான் காட்டும், டப்பா மதில் வெளிப்பக்கம் இருக்கும், அம்பு யாரோ ஒருத்தர் தலைமாட்டைக் காட்டும்.

மண்ணைத் தோண்டவே கூடாது. 2000 மே மாசம் அமெரிக்காவுல ஓரிகன்ல இந்த விளையாட்டுக்குன்னு ஒளிச்சு வெச்ச முதல் பக்கெட்டு பாதி புதைச்சதுதான், ஆனா இப்ப நிலத்துக்காரர் அனுமதி இல்லாம புதைக்கக் கூடாதுங்கறது விதி, அதனால கல்லறைல கைய வெக்கணும்னு தோணுச்சுன்னா நீங்க தப்பான இடத்துல நிக்கறீங்கன்னு அர்த்தம்.

பையனை கல்லு மேல சாய விடாதீங்க, இருநூறு வருஷத்துக் கல்லு, நிமிர்ந்து நிக்கற மாதிரிதான் இருக்கும், அடியில ஆடும், விழுந்தா புள்ளைக்குத் தாங்காது. எழுத்து தெரியலன்னு மேல இருக்கற பாசி மாதிரி திட்டைச் சுரண்டவும் கூடாது, அது லைக்கன், வளர பல வருஷம் புடிக்கும், சில வகை இந்த மாதிரி பழைய கல்லுலதான் கிடைக்கும். போன் டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, தேஞ்ச எழுத்துகூட நிழல் விழுந்து தெரிஞ்சிடும். அப்புறம் யூ மரம்னு கரும்பச்சையா ஒண்ணு நிறைய பழைய சர்ச்சுல நிக்கும், சிவப்பா பழம் தொங்கும், இலையும் விதையும் விஷம், வாயில வெச்சிடப் போறான்.

பூவோட யாராவது வந்தா போனை பாக்கெட்ல போட்டுட்டு தள்ளிப் போயிடுங்க. இது நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. வந்த புதுசுல ஒரு நாள் கல்லுக்கு கல்லு குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டிருந்தேன், ஒரு வயசானவர் கையில தண்ணி கேனோட வந்து யாரைம்மா தேடறேன்னு கேட்டார். சங்கடத்துல நானும் குறிப்புல இருந்த பேரையே சொல்லித் தொலைச்சிட்டேன். பாவம் மனுஷன், மனைவி கல்லறைக்கு தண்ணி ஊத்த வந்தவர், கேனைக் கீழ வெச்சுட்டு என்கூட வரிசை வரிசையா தேட ஆரம்பிச்சுட்டார். பத்து நிமிஷம் தாங்கல, உண்மையைச் சொல்லிட்டேன். அவர் சிரிக்கவும் இல்ல கோவப்படவும் இல்ல, அட அந்த பிலிம் டப்பாவா, அது கேட்டுக்கு வெளிய மூணாவது வேலிக்கம்பத்துக்குப் பின்னாடில்ல இருக்குன்னார்.

போய் எடுத்தா, கண்டுபிடிச்சவங்க பேர் எழுதணும்னு உள்ள சுருட்டி வெச்ச பேப்பர்ல எழுத என்கிட்ட பேனா இல்ல. அதையும் அவர்கிட்டயேதான் வாங்கினேன். நீங்க பேனா எடுத்துட்டுப் போங்க.