கேட்டுப் படிக்கும் தமிழ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் இருக்கிறார். அவருக்காக நான் தட்டச்சு செய்து அனுப்பிய பாடக்குறிப்பைக் கணினி "ஜே, கே, பி, ஓ" என்று ஆங்கில எழுத்துகளாகப் படிப்பதாகச் சொல்கிறார். என் திரையில் தமிழ் சரியாகத்தான் தெரிகிறது. பிழை எங்கே?
– ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்

பதில்: பிழை மாணவியிடமும் இல்லை, அவருடைய கணினியிலும் இல்லை, நீங்கள் பயன்படுத்திய எழுத்துருவில் இருக்கிறது. அவர் சொன்ன எழுத்துகளைப் பார்த்தால் நீங்கள் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில் என்று தெரிகிறது. பாமினியில் "தமிழ்" என்று எழுதும்போது கோப்பில் பதிவாவது தமிழே அல்ல. த-வுக்கு ஜே, ம-வுக்கு கே, இகரக் குறிக்கு பி, ழ-வுக்கு ஓ, புள்ளிக்கு ஓர் அரைப்புள்ளி என ஐந்து ஆங்கிலக் குறிகளே அதில் இருக்கின்றன. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. கண்ணால் படிப்பவர் போர்வையைப் பார்க்கிறார். திரைவாசிப்பான் என்னும் மென்பொருளோ உள்ளே இருப்பதை எடுத்துப் படிக்கிறது. நானும் பார்வையற்றவன், உங்கள் கடிதத்தைத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லக் கேட்டுத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நீங்கள் அதை ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், அனுப்பியிருந்ததால் ஒரு சொல்கூடத் தவறாமல் என் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணை வேறு எந்த மொழியோடும் அது பங்கிட்டுக்கொள்வதில்லை. "கொ" என்று எழுதினால் முதலில் க-வும் அடுத்து ஒகரக் குறியும் பதிவாகின்றன, அதாவது நாம் ஒலிக்கும் வரிசையிலேயே. பாமினியிலோ முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, கடைசியில் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாகக் கிடக்கும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் பழைய எழுத்துருக்களில் வந்துகொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பழைய கோப்புகளை மாற்ற இலவச எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பின் இரண்டு இடங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். காலுக்குப் பதிலாக "ர" என்னும் எழுத்தும், "எ" என்னும் உயிரெழுத்துக்குப் பதிலாக "௭" என்னும் தமிழ் எண் ஏழும் பல கோப்புகளில் நுழைந்துவிடுகின்றன. கண் இரண்டையும் ஒன்றாகவே காண்பதால் யாரும் திருத்துவதில்லை. கேட்பவருக்கோ "பாடம்" என்பது "பரடம்" என்றே ஒலிக்கும். கையால் எழுதிய குறிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் திரைவாசிப்பானுக்கு அது வெறும் ஒரு படம். தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு நிறுத்தாமல், வேர்டு மென்பொருளில் உள்ள தலைப்புப் பாணியைக் கொடுத்து அமைத்தால், மாணவி ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்லலாம். நாற்பது பக்கக் குறிப்பில் வேண்டிய இடத்தைத் தேடும்போது அந்த வசதியின் அருமை தெரியும்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. குளுக்கோமாவால் பார்வை போய்விட்டது. நாள்தோறும் செய்தித்தாள் படித்துப் பழகியவர். அவரிடம் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதை வைத்து அவரால் தானாகவே செய்தி படிக்க முடியுமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உறுதியாக முடியும், புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்னும் பகுதியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கும். முதலில் பேச்சொலி அமைப்பில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகு டாக்பேக்கை இயக்குங்கள். இயக்கியதும் போன் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், விரலை வலப்பக்கம் இழுத்தால் அடுத்ததற்குப் போகும். இந்த மூன்றையும் முதல் வாரத்தில் பழகினால் போதும். தொடக்கத்தில் குரலின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். அப்பா தடுமாறும்போது போனை வாங்கி நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல் பழகும்வரை பொறுத்திருங்கள்.

வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. அதனுடன் வரும் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் தெளிவாகப் புரியும்.

கேள்வி: பார்வையற்ற நண்பருக்காகப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றித் தர விரும்புகிறேன். பதிப்புரிமைச் சிக்கல் வருமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வராது. வழக்கமான அச்சுப் பிரதியைப் படிக்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்காக, லாப நோக்கமின்றி அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்தில் ஒரு நூலை மாற்றித் தருவதை 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. 2013இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் இதற்கென்றே ஒரு பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. அதற்கு 2014இல் முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியாதான். ஆனால் அந்தக் கோப்பைப் பொதுக் குழுக்களில் பரப்பிவிடாதீர்கள், ஏனெனில் விலக்கு படிக்க இயலாதவர்களுக்காக மட்டுமே தரப்பட்டது.

கேள்வி: எல்லாவற்றையும் போனே படித்துச் சொல்லும்போது, பார்வையற்ற குழந்தைக்கு இனியும் பிரெயில் கற்றுக்கொடுப்பது தேவைதானா?
– சிறப்புப் பள்ளி மாணவனின் தாய், மதுரை

பதில்: தேவைதான் அம்மா, தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். "முன்னாள்" என்றாலும் "முந்நாள்" என்றாலும் காதுக்கு ஒன்றுதான். கேட்டே வளரும் குழந்தைக்கு அங்கே இருப்பது "ன" என்னும் எழுத்தா, "ந" என்னும் எழுத்தா என்று எப்படித் தெரியும்? பிரெயிலில் படிக்கும் குழந்தையின் விரல் அதைத் தொட்டு அறிந்துகொள்ளும். ஆறு புள்ளிகள் கொண்ட கட்டத்தில் இடப்பக்கத்து மூன்று புள்ளிகளும் எழும்பி நின்றால் "ல", வலப்பக்கத்து மூன்றும் எழும்பி நின்றால் "ள". குரல் குழப்பும் இடத்தில் விரல் குழம்புவதில்லை.

தொழில்நுட்பமும் பிரெயிலைக் கைவிட்டுவிடவில்லை. மின்னணு பிரெயில் கருவியில், மின்சாரம் பாய்ந்தால் வளையும் பீங்கான் பட்டை ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் இருந்து ஊசியை மேலே தள்ளுகிறது. அத்தகைய கருவியில் ஒரு கட்டத்துக்கு ஆறுக்குப் பதிலாக எட்டு ஊசிகள் என்றால், நாற்பது கட்டங்கள் கொண்ட ஒரே ஒரு வரிக்கு 320 ஊசிகள் வேண்டும். விலை அதிகமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். 2024இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மோனார்க் கருவி வேறு வகை ஊசிகளைக் கொண்டு, ஒவ்வொன்றிலும் 32 கட்டங்கள் உள்ள 10 வரிகளை ஒரே நேரத்தில் காட்டுகிறது. வரைபடங்களையும் அதில் தடவிப் பார்க்கலாம். கணக்குப் பாடத்தில் ஒரு கோடு ஏறி இறங்குவதை எந்தக் குரலும் உங்கள் மகனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தக் கருவி இப்போதைக்கு நம் கைக்கு எட்டாத விலையில்தான் இருக்கிறது. அதுவரை பிரெயில் பலகையும் எழுத்தூசியும் கெட்டித்தாளும் போதும். நாளுக்கு ஒரு பக்கமாவது அவனை எழுதச் சொல்லுங்கள்.