‘கேவ்’ எங்கே, ‘கிவன்’ எங்கே?

கேள்வி: தக்கலையில் இருக்கிறேன், நாகர்கோவிலில் செவிலியராக வேலை. வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகிறேன். பயிற்சியின்போது ‘ஐ ஹாவ் கேவ் தி மெடிசின்’ என்றேன். ‘கிவன்’ என்று திருத்தினார்கள். மூன்று பத்தி வினைச்சொல் அட்டவணையைப் பள்ளியிலேயே ஒப்பித்தவள்தான். பேசும்போது மட்டும் இரண்டாவதா மூன்றாவதா என்று தடுமாறுகிறேன்.

பதில்: ‘கிவ், கேவ், கிவன்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். எது எந்த வேலைக்கு என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. அது நம் தமிழிலேயே இருக்கிறது.

‘கொடுத்தேன்’ வினைமுற்று, தனியே நின்று வாக்கியத்தை முடித்துவிடும். ‘கொடுத்து’ வினையெச்சம், ‘மருந்து கொடுத்து...’ என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவர் ‘ம், பிறகு?’ என்பார். ‘இருக்கிறேன்’ வந்து ஒட்டினால்தான் ‘கொடுத்திருக்கிறேன்’ என்று நிறையும். ஆங்கிலத்தில் ‘கேவ்’ முற்று, ‘கிவன்’ எச்சம், ‘ஹாவ்’ அந்த ‘இருக்கிறேன்’. நீங்கள் சொன்னது ‘கொடுத்தேன் இருக்கிறேன்’ என்பதற்குச் சமம். தமிழில் அப்படிக் குழந்தைகூடச் சொல்லாது.

‘டிட்’ வந்தால் முதல் வடிவம்தான். ‘கொடுத்தேன் இல்லை’ என்கிறோமா? ‘கொடுக்கவில்லை’ என்கிறோம். அதேபோல் ‘டிட் நாட் கிவ்’. இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துவிட்டது. வினைக்கு அந்தச் சுமை இல்லை. ‘கொடுக்கப்பட்டது’ என்பதற்கோ மூன்றாவது: ‘வாஸ் கிவன்’.

இந்த ஒப்புமையை எல்லா இடத்திலும் நம்ப வேண்டாம். ‘நேற்று வடசேரிக்குப் போயிருந்தேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை அப்படியே ‘ஐ ஹாட் கான்’ என்று மாற்றுவது நம் ஊரில் வழக்கமான பிழை. நேற்று நடந்து முடிந்த ஒரு செயலைச் சொல்ல ‘ஐ வென்ட்’ போதும்.

அகரவரிசை அட்டவணையை மூடிவையுங்கள். ‘வாக்ட்’ போன்ற ஒழுங்கான வினைகளில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே. ‘பாட்’, ‘தாட்’, ‘பிராட்’ ஆகியவையும் அப்படியே. ‘கட்’, ‘புட்’, ‘ஹர்ட்’ மூன்றிலும் மாறாதவை. தடுமாற வைப்பவை இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபடுபவை மட்டும்; அன்றாடம் புழங்குபவை சில டஜன்தான். அவற்றையும் ஓசையால் கட்டுங்கள்: ‘பிகின், பிகான், பிகன்’, அதே மெட்டில் ‘டிரிங்க், டிராங்க், டிரங்க்’. ‘டேக், டுக், டேக்கன்’ என்றால் ‘ஷேக், ஷுக், ஷேக்கன்’. பஸ்ஸில் வரும்போது அன்று வார்டில் செய்ததை ஒரு தடவை ‘கொடுத்தேன்’ என்றும், ஒரு தடவை ‘கொடுத்திருக்கிறேன்’ என்றும் மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் தொழிலில் அடிக்கடி காலை வாரும் ஒரு ஜோடி உண்டு. படுத்துக்கொள்வது ‘லை, லே, லெயின்’. ஒன்றைக் கிடத்துவது அல்லது வைப்பது ‘லே, லெய்ட், லெய்ட்’. முதல் வினையின் இரண்டாவது வடிவமே அடுத்த வினையின் முதல் வடிவம். ஆங்கிலேயரே இதில் தவறுகிறார்கள். தமிழில் படு, கிடத்து என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனிச் சொல்லாக நிற்பதால் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. நோயாளி தானாகப் படுத்தார் என்றால் ‘ஹி லே டவுன்’. நீங்கள் குழந்தையைக் கட்டிலில் கிடத்தினீர்கள் என்றால் ‘ஐ லெய்ட் தி பேபி ஆன் தி பெட்’. ‘லெயின்’ அவசரத்தில் நாவுக்கு வராவிட்டால் கவலை வேண்டாம். ‘ஹி ஹாஸ் பீன் லையிங் டவுன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.