1.7 வந்தால் 1.7 என்றே எழுது

முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் முதுகலை இயற்பியல் ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். இந்த இதழில் துகள் இயற்பியல் சோதனைகள்.

கேள்வி: எங்கள் எம்.எஸ்சி. வகுப்பில் இந்த செமஸ்டர் துகள் இயற்பியல் சோதனை முறைகள் என்று ஓர் அறிமுகப் பாடம். மியூவானின் ஆயுட்காலத்தை அளக்கும் சோதனையில் எங்கள் குழுவுக்கு 1.7 மைக்ரோசெகண்ட் வந்தது. புத்தகத்தில் 2.2. சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை 9 மணிவரை ஓட்டினோம். 640 சிதைவுகள் பதிவாயின. கூட இருப்பவர்கள், "2.1 என்று போட்டுவிடு, வைவாவில் யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறார்கள். என்ன செய்வது, மேடம்?
– முதலாண்டு மாணவி, திண்டுக்கல்

பதில்: போடாதே, மகளே. 1.7 வந்தால் 1.7 என்றே ரெக்கார்டில் எழுது. உன் கருவி அந்த எண் வழியாக உன்னிடம் ஏதோ சொல்ல வருகிறது. எண்ணை மாற்றிவிட்டால் அதைக் கேட்க வழியே இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 640-க்கு வர்க்கமூலம் எடு, சுமார் 25. உன் 1.7-ஐ அதால் வகுத்தால் 0.07. எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் வரக்கூடிய பிழை அவ்வளவுதான். ஆனால் நீ 2.2-இலிருந்து 0.5 தள்ளி நிற்கிறாய், அந்தப் பிழையைப் போல் ஏழு மடங்கு. தற்செயலாக இவ்வளவு தூரம் விலகாது. அப்படியானால் கருவியிலோ கணக்கிலோ ஒரு காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

கருவிக்குள் நடப்பதை நினைத்துப் பார். மியூவான் என்பது எலக்ட்ரானின் கனத்த உறவுக்காரத் துகள், விண்வெளிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது உண்டாவது. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. உங்கள் சிண்டிலேட்டர், அதாவது துகள் பட்டால் மினுக்கும் பிளாஸ்டிக் கட்டிக்குள் நுழைபவற்றிலும் பெரும்பாலானவை மறுபக்கம் வழியே வெளியேறிவிடும். எப்போதாவது ஒன்றுதான் உள்ளேயே நின்றுபோகும். நிற்கும்போது ஒரு மினுக்கு. அது சிதைந்து எலக்ட்ரான் கிளம்பும்போது இன்னொரு மினுக்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தைத்தான் நீங்கள் விடிய விடியச் சேர்த்தீர்கள்.

இப்போது சந்தேகம் அந்த இரண்டாவது மினுக்கின் மேல்தான். மினுக்கை மின்துடிப்பாக மாற்றும் போட்டோமல்டிபிளையர் குழாயில் காற்றை எவ்வளவு உறிஞ்சி எடுத்தாலும் துளி வாயு மிச்சமிருக்கும். முதல் துடிப்பு வரும்போது அது அயனியாகி, பின்னோக்கிப் போய், ஒளி பட்டால் எலக்ட்ரானை விடும் ஒளிமுனையில் மோதி, ஒரு பொய்த் துடிப்பைக் கிளப்பும். ஆஃப்டர் பல்ஸ் என்று சொல்வார்கள். சீக்கிரமே வந்துவிடுகிற துடிப்பு அது. கடிகாரத்துக்கு அது பொய் என்று தெரியாது. "அற்பாயுசில் போன மியூவான்" என்று குறித்துக்கொள்ளும். சராசரி கீழே இறங்கும்.

நேரப் பட்டியலைக் கட்டம் கட்டமாக எண்ணி ஹிஸ்டோகிராமாக்கி, எண்ணிக்கை அச்சு மட்டும் மடக்கை அளவில் இருக்கும் செமி-லாக் தாளில் வரை. நேர்கோட்டுக்கு மேலே முதல் இரண்டு மூன்று கட்டங்கள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் ஆசாமி அகப்பட்டான் என்று வைத்துக்கொள். முதல் ஒரு மைக்ரோசெகண்டை விட்டுவிட்டு மீதிக்குக் கோடு பொருத்து. வால் பக்கத்தில் தட்டையாகக் கிடக்கும் பின்னணியையும் மறக்காதே. சம்பந்தமே இல்லாத இரண்டு மியூவான்கள் அடுத்தடுத்து வந்தால் அதுவும் ஒரு சிதைவு போலப் பதிவாகும். அதைக் கழிக்காவிட்டால் ஆயுள் கூடிப்போகும். அடுத்த முறை ஓட்டும்போது உயர் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்.

இதையெல்லாம் செய்தபின் கையில் 400-க்கும் குறைவான சிதைவுகளே நிற்கும். பிழை 0.11 பக்கம் ஏறிவிடும். பரவாயில்லை. அது உண்மையான பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் உனக்குப் புத்தகத்தின் துல்லிய எண்ணான 2.197 வரக் கூடாது! எதிர்மின் மியூவான்களில் சில, சிதைவதற்கு முன்பே பிளாஸ்டிக்கில் உள்ள கார்பன் அணுக்கருவில் சிக்கிவிடும். கார்பனுக்குள் அவற்றின் ஆயுள் சுமார் 2.03 மைக்ரோசெகண்ட்தான். நேர்மின், எதிர்மின் என்று இரண்டு வகையும் கலந்து வருவதால் விடை 2.1-ஐ ஒட்டி நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஆயிரக்கணக்கில் சிதைவுகள் வேண்டும், அதாவது இரண்டு வாரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட்ட வேண்டும். உங்கள் ஆசிரியரிடம் செமஸ்டர் விடுமுறைக்கு அனுமதி கேட்டுப் பார். நான் என்றால் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

நான் மாணவியாக இருந்தபோது, எங்கள் எண்ணிக்கை தினமும் காலை ஆறரைக்கு ஏற ஆரம்பித்து சாயங்காலம் இறங்கும். மூன்று நாள் அப்படியே. சூரியனிலிருந்து ஏதோ வருகிறது என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். ஆய்வகத்துக்கு வந்த எங்கள் பேராசிரியர் எதுவும் பேசவில்லை. கிழிந்த குடை ஒன்றின் கறுப்புத் துணியைப் பிரித்து, நாலாக மடித்து, கருவியின் மேல் போட்டார். கவுன்டர் அப்படியே அடங்கியது. கறுப்பு டேப்பின் ஓரத்தில் குண்டூசி முனையளவு கிழிசல். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த இரண்டு பக்கங்களையும் அடிக்க வேண்டாம், கீழே காரணத்தை எழுது என்றார் அவர். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டு இந்தத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். ஜெனீவாவில் பெரிய இயந்திரம் இருக்கிறதே, அதுதானாம். இங்கே இருந்துகொண்டு அதைப் படிக்க முடியுமா? வேலை கிடைக்குமா?
– வணிகர், கரூர்

பதில்: ஐயா, அந்த இயந்திரம் புரோட்டான்களை ஒன்றோடொன்று மோதவிடும், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம், பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதை நடத்தும் செர்ன் அமைப்பில் இந்தியா 2017 முதல் இணை உறுப்பு நாடு. ஆனால் உங்கள் மகள் ஆரம்பிக்க ஜெனீவா போக வேண்டியதில்லை. அங்குள்ள சிஎம்எஸ் கருவியின் உண்மையான பதிவுகளில் ஒரு பகுதியை 2014 முதல் எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் தருகிறார்கள். வீட்டிலுள்ள லேப்டாப்பில் கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும். இரண்டு மியூவான்கள் பதிவான மோதல்களை எடுத்து, அவற்றின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டி, அவை பிறந்த தாய்த்துகளின் நிறையைக் கணக்கிட்டு வரையச் சொல்லுங்கள். துகள் நிறையைச் சொல்லும் ஜிஇவி (ஜிகா எலக்ட்ரான்வோல்ட்) அலகில் 3.1-இல் ஒரு கூர்முனை, 9.5-க்குப் பக்கத்தில் ஒன்று, 91-இல் ஒன்று எழும்பும். கடைசியாகச் சொன்னது இசட் துகள். வரைந்ததும் அவள் எழுந்து வந்து உங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறாளா என்று பாருங்கள். காட்டினால் தடுக்காதீர்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு, காத்திருக்கவும் வேண்டும். ஆனால் கற்றது வீண்போகாது. என் மாணவர்களில் பலர் தரவுப் பகுப்பாய்வில் இருக்கிறார்கள், சிலர் மருத்துவ இயற்பியலுக்குப் போனார்கள். புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேன் இருக்கிறதே, அதற்குள்ளும் சிண்டிலேட்டர்தான், ஒரே நேரத்தில் வரும் இரண்டு மினுக்குகளைப் பிடிக்கும் வேலைதான்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு துகளையாவது கண்ணில் காட்ட முடியுமா?
– அரசுப் பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: துகளைக் காட்ட முடியாது சார், அது போன தடத்தைக் காட்டலாம். மீன் தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டி. அடியில் கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தகடு, அதன் கீழே உலர்பனி. பெட்டியின் மேல்பக்கத்தில் உள்ளே ஒரு கம்பளித் துணியை ஒட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனையுங்கள். 99 சதவீதச் சரக்காக இருக்க வேண்டும்; கை கழுவும் சானிடைசரில் தண்ணீர் இருப்பதால் வேலைக்கு ஆகாது. பெட்டியை நன்றாக மூடி, விளக்கை அணைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். தகட்டுக்கு மேலே மெல்லிய தூறல் போல் தெரியும். அதற்குள் திடீரென வெள்ளை நூல் ஒன்று ஓடி, கலைந்து, கீழே உட்காரும். குட்டையாகத் தடித்திருந்தால் ஆல்பா, நீளமாக நேராக மெலிந்திருந்தால் பெரும்பாலும் மியூவான், கோணல்மாணலாகப் போனால் எலக்ட்ரான்.

உலர்பனி மைனஸ் 78 டிகிரி. கையுறை இல்லாமல் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பு கூடாது.

கேள்வி: எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "கீழே விஞ்ஞானிகள் உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்" என்பார். உண்மையா?
– வாசகர், பெங்களூரு

பதில்: முழு உண்மை. 1965-இல் அந்தச் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து கருவி வைத்தன. அவ்வளவு பாறையைத் தாண்டி மேலேயிருந்து மியூவான்கள் வருவது மிக அரிது. வந்தாலும் செங்குத்தாகத்தான் வரும். பக்கவாட்டில் படுக்கையாக ஒன்று வந்தால்? அந்தத் திசையில் குறுக்கே இருக்கும் பாறையை எந்த மியூவானும் கடக்க முடியாது. எதையும் எளிதில் துளைத்துப் போகும், மின்னூட்டமற்ற நியூட்ரினோ துகள் ஒன்று பக்கத்துப் பாறைக்குள் மோதி அதைப் பிறப்பித்திருக்க வேண்டும். அப்படித்தான் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை முதன்முதலாகப் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவும் அதே காலத்தில் பிடித்தது. இரண்டு கட்டுரைகளும் 1965 ஆகஸ்டில் வெளிவந்தன.

அந்தக் கருவிகளும் ஆட்களும் உங்கள் தாத்தா போன்றவர்கள் இயக்கிய கூண்டில்தான் இறங்கி ஏறியிருப்பார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தாத்தா இருக்கிறாரா? இருந்தால், அந்தக் கூடம் எப்படி இருந்தது, எவ்வளவு வெக்கை, யார் யார் வந்தார்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.